குமரவேல் டெல்லியில் சொன்னது

குமரவேலுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஹைதராபாத் பாலாநகரில் தண்ணீர்க் குழாய்களுக்கு வால்வ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு வருடமாக லேத்தில் இரும்பு கடையும் டர்னர் வேலை. அப்பா அரக்கோணத்திலிருந்து லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்தவர். குமரவேல் பிறந்ததும் படித்ததும் மெட்டுகூடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸில். கல்யாணத்துக்குப் பிறகு குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் இரண்டு அறை வீடு. வீட்டில் வடாற்காட்டுத் தமிழ், தெருவில் தெலுங்கு, ஒர்க்‌ஷாப்பில் ஹைதராபாத் இந்தி. மூன்றிலும் அவர் குறைவாகவே பேசுவார். அளவு தப்பாமல் கடைவார், சொன்ன சொல் தப்ப மாட்டார் என்பதால்தான் யூனியனுக்கு அவரைச் செகரட்டரி ஆக்கியிருந்தார்கள்.

தொழிற்சாலை இரண்டு பாதியாக இருந்தது. ஒரு பக்கம் லேத் பிரிவு. வார்ப்படத்திலிருந்து வரும் முரட்டு இரும்பை அங்கே ஆண்கள் கடைந்து வால்வின் வெளிக்கூடாக ஆக்குவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பாடி. மறுபக்கம் அசெம்ப்ளி. ஆறு வருடமாக, கடைந்து முடித்த பாடிகள் வெளிநாட்டிலிருந்தே மரப்பெட்டிகளில் வந்து இறங்கின. அசெம்ப்ளியில் பெண்கள் அவற்றுக்குத் தண்டும் கைச்சக்கரமும் மாட்டி, தண்ணீர் அழுத்தம் வைத்துப் பார்த்து, நீலப் பெயிண்ட் அடித்து அனுப்பினார்கள். பெட்டிகள் கூடக் கூட அசெம்ப்ளியில் ஆள் கூடியது, லேத்தில் ஆள் குறைந்தது. நாற்பது பேர் இருந்த லேத் பிரிவில் இருபத்தொரு பேர் மிஞ்சினார்கள். யூனியனில் இருந்தது பெரும்பாலும் அவர்கள்தான், அசெம்ப்ளிப் பெண்கள் அதில் இல்லை.

குமரவேலின் மனைவி லலிதா அசெம்ப்ளியில் வேலை பார்த்தாள்.

சென்ற தேர்தலுக்கு முந்தைய குளிர்காலத்தில், கிழக்கு நாடுகள் பல சேர்ந்து போட்டுக்கொண்ட ஒரு வணிக ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேரலாமா என்று மறுபடி பேச்சு எழுந்தது. சேர்ந்தால் அந்த மரப்பெட்டிகளுக்கு வரி இல்லாமல் போகும். நாடாளுமன்றக் குழு ஒன்று இதைப் பற்றிப் பலரிடமும் கருத்துக் கேட்டுப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தது. யூனியனுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் 'சேரக் கூடாது' என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பி வைத்தார். ஒரு மாதம் கழித்து, யூனியன் செகரட்டரி நேரில் வந்து சாட்சியம் சொல்ல வேண்டும் என்று டெல்லியிலிருந்து கடிதம் வந்தது.

லேத் பிரிவில் அன்று எல்லோரும் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மெட்டுகூடா நாளிலிருந்து கூட்டாளியான டேனியல் சொன்னான்.

"வேலு, சுத்தி வளைச்சுப் பேசாதடா. நக்கோ, வேணாம்னு ஒரே வார்த்தை. வந்துடு."

மறுநாள் முதலாளி வினய் தன் அறைக்குக் கூப்பிட்டார். முப்பத்து நாலு வயது, அப்பாவுக்குப் பிறகு தொழிற்சாலையை எடுத்து நடத்துகிறவர். சிறுதொழில் சங்கத்தின் சார்பில் அதே நாளில் அவருக்கும் அழைப்பு வந்திருந்தது. தெலுங்கில், பெயரோடு 'காரு' சேர்த்து மரியாதையாகத்தான் பேசினார்.

"குமரவேல் காரு, நான் சேரணும்னுதான் சொல்லப்போறேன். ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க உங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, வரி இப்படியே இருந்தா பெட்டி இனிமே கட்டுபடியாகாது. அது வர்றது நின்னா முதல்ல பூட்டுறது அசெம்ப்ளி. அங்க யார் யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

விமானத்தில் சேர்ந்தே போகலாம் என்றார். குமரவேல் வேண்டாம் என்று ரயிலில் டிக்கெட் போட்டார்.

கிளம்பும் அன்று லலிதா புளிசாதம் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"இன்னா சொல்லப் போறீங்க அங்க?"

"வக்கீல் எழுதினது இருக்கே."

"அது வக்கீல் சொல்றது. நீங்க இன்னா சொல்லப் போறீங்க?"

"போய்ப் பார்க்கலாம்" என்றார். அவள் டப்பாவை மூடி அழுத்தினாள்.

டெல்லியில் அது நீளமான அறை. வளைந்த மேசையைச் சுற்றி உறுப்பினர்கள் பதினைந்து பேர் இருக்கலாம், பாதி நாற்காலிகள் காலி. குழுத் தலைவர் முதலில் ஒரு விதியைப் படித்தார். இங்கே பேசுவது எல்லாம், குழுவின் அறிக்கை அவையில் வைக்கப்படும்வரை ரகசியம். அதற்கு முன் வெளியே சொன்னால் அவையின் உரிமையை மீறிய குற்றம். புரிந்ததா என்று கேட்டார்.

"ஹவ்" என்றார் குமரவேல். ஹைதராபாத் ஆமாம். யாரோ ஓர் உறுப்பினர் சிரித்தார். ஆனால் குமரவேலுக்கு அது விளையாட்டுச் சொல் இல்லை. ஒப்புக்கொண்டதாகவே நினைத்தார்.

வக்கீலின் தாளைப் படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது பக்கத்தில் ஒரு பெண் உறுப்பினர் நிறுத்தினார்.

"இது எங்களிடம் இருக்கிறது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். வீட்டில் வேறு யாராவது வேலைக்குப் போகிறார்களா?"

"ஹவ். மனைவி."

"எங்கே?"

"அதே ஃபேக்டரியில. வெளிநாட்டுப் பாடி வருதில்ல, அதுக்குத் தண்டு மாட்டுற வேலை."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் நாம் சேர்ந்தால் உங்கள் வேலை போகும். சேராவிட்டால் அவருடைய வேலை."

"அப்படித்தான் மேடம்."

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

குமரவேல் தாளைத் திருப்பி வைத்தார். ரயிலில் இருபத்தாறு மணி நேரமும் இதே கேள்விதான் அவருக்குள் ஓடியது. "எனக்குத் தெரியல மேடம்" என்றார். பிறகு, தானே எதிர்பார்க்காமல் ஒரு கேள்வி கேட்டார். "இதுக்கு நீங்க எல்லாரும் ஓட்டுப் போடுவீங்களா?"

தலைவர்தான் பதில் சொன்னார். வெளிநாடுகளோடு ஒப்பந்தம் செய்வது அரசாங்கத்தின் அதிகாரம். அமைச்சரவை முடிவு செய்யும். குழு பரிந்துரை செய்யலாம், அதை அரசாங்கம் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். சேர்வதற்கு அவையின் வாக்கெடுப்பு தேவையில்லை.

"அப்ப எங்க எம்.பி. வேணும்னாரா, வேணாம்னாரான்னு எங்கயும் எழுதியிருக்காதா?"

"இருக்காது."

"எங்க யூனியன்ல கேன்டீன்காரரை மாத்தணும்னாகூடக் கையைத் தூக்கச் சொல்லி, பேர் பேரா நோட்டுல எழுதுவோம் சார். நாளைக்கு டீ நல்லால்லன்னா யாரைக் கேக்கணும்னு தெரியும். நீங்க சேருங்க, சேராம போங்க. ஆனா ஓட்டு இல்லாம செய்ய வேணாம். எங்கள்ல ஒருத்தர் வேலை போகத்தான் போகுது. யார் கையைத் தூக்கி அது போச்சுன்னாவது எங்களுக்குத் தெரியணும்."

ஓர் உறுப்பினர் மேசையைப் பார்த்தபடி, "இதை நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்" என்று மெதுவாகச் சொன்னார். தலைவர் நன்றி சொன்னார். மொத்தம் பதினொரு நிமிடம்.

திரும்பி வந்த நாளில் லேத் பிரிவு டீ நேரத்துக்குக் காத்திருந்தது. "சொல்லக் கூடாது. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ரகசியம்" என்றார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கும் அந்த ரகசியம் முதல் சில நாட்கள் நிம்மதியாகவே இருந்தது. 'சேரக் கூடாது என்று நான் சொல்லவில்லை' என்று டேனியலிடம் சொல்ல வேண்டியதில்லை. 'சேரலாம் என்றும் சொல்லவில்லை' என்று வினயிடம் சொல்ல வேண்டியதில்லை. விதி அவரைக் காப்பாற்றியது.

மூன்றாவது வாரத்தில் டேனியல் அவரை லேத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

"வினய் சாரு அங்க பேசினதை எல்லார்கிட்டயும் சொல்றாரு. சேரணும்னு அடிச்சுச் சொன்னாராம். அவருக்கு ஒண்ணும் ஆகலையே. உனக்கு மட்டும் எதுக்கு இந்தப் பயம்?"

"அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா வக்கீல் வருவாங்க, டேனி. எனக்கு யார் வருவா?"

"எனக்கு மட்டும் சொல்லு. வேணாம்னு சொன்னியா இல்லையா?"

குமரவேல் வாயைத் திறந்தார். 'இல்லை' என்றால் அது உண்மை, ஆனால் பாதி உண்மை. மீதியையும் சொன்னால்தான் அது விளங்கும். மீதியைச் சொல்ல அனுமதி இல்லை. "ரிப்போர்ட் வரட்டும்டா" என்றார். டேனியல் தன் லேத்துக்குத் திரும்பிப் போனான். அன்றிலிருந்து டீ நேரத்தில் அவன் வேறு பெஞ்சில் உட்கார்ந்தான்.

அடுத்த மாதம் ஒரு தடித்த உறை ஸ்பீட் போஸ்டில் வந்தது. மேலே சிவப்பில் ரகசியம் என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் முத்திரை. அன்று உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்த லலிதாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அவர் பேசியதை அப்படியே தட்டச்சு செய்து, தவறு இருந்தால் திருத்திப் பத்து நாளில் திருப்பி அனுப்பும்படி கேட்டிருந்தார்கள்.

சாப்பிட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்து படித்தார். அவருடைய ஹைதராபாத் இந்தியை யாரோ நல்ல இந்தியாக மாற்றியிருந்தார்கள். 'ஹவ்' எல்லாம் 'ஜீ ஹா' ஆகியிருந்தது. கடைசிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. 'ஓட்டு இல்லாமல் செய்ய வேண்டாம்' என்பதை அங்கே அவர் வழக்கப்படி 'நக்கோ' போட்டுத்தான் சொல்லியிருந்தார். டெல்லியில் எழுதியவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. 'ஹம்கோ', அதாவது 'எங்களுக்கு', என்று காதில் விழுந்திருக்கிறது. இப்போது தாளில் இருந்த வாக்கியத்தின்படி, ஓட்டு இல்லாமல் செய்யச் சொல்லி அவரே கேட்டுக்கொண்டது போல இருந்தது. ரயில்வே பள்ளிக்கூடத்தில் கற்ற இந்தி எழுத்தில், அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே 'வேண்டாம்' என்பதற்கு நல்ல இந்திச் சொல்லை எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். இந்த ஒரு சொல்லைச் சரி செய்ததைக்கூட ஒருவரிடமும் சொல்ல முடியாது.

லலிதா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கு இந்தி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். பக்கத்தில் வரவில்லை.

"இதுல நான் இருக்கேனா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பேர் வேணாம். நான் இருக்கேனா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"லலிதா, கேக்காத."

"அப்ப இருக்கேன்" என்றாள்.

உறை இரண்டு நாள் மேசை மேலேயே கிடந்தது. அதை ஒட்டவோ பூட்டி வைக்கவோ அவருக்குத் தோன்றவில்லை. அப்படிச் செய்தால் அவளைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அவள் அதைத் தொடவே இல்லை. மேசையைத் துடைக்கும்போதுகூட உறை இருந்த இடத்தைச் சுற்றித் துடைத்தாள். மூன்றாம் நாள் தபால் நிலையத்தில் அதைக் கொடுத்துவிட்டு வந்தபோது அவருக்கு ஏதோ குறைந்தது போலவும் இருந்தது, கூடியது போலவும் இருந்தது.

பிப்ரவரியில் வினய் லேத் பிரிவின் இரண்டாவது ஷிப்டை நிறுத்தினார். அந்த ஒப்பந்தத்தில் நாடு சேரவில்லை. சேர மாட்டோம் என்றும் யாரும் அறிவிக்கவில்லை. ஏற்கெனவே நம்மோடு வேறு ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒரு நாட்டின் வழியாக வரியில்லாமல் பெட்டிகள் வர ஆரம்பித்திருந்தன, அவ்வளவுதான். எட்டுப் பேரை வேண்டாம் என்றார்கள். குமரவேலை வினய் கூப்பிட்டு, பெட்டிகளில் வந்து இறங்கும் பாடிகளை அளந்து பார்த்துத் தேர்வு செய்யும் வேலையைக் கொடுத்தார்.

"உங்க அளவுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கிறவங்க என்கிட்ட வேற யாரும் இல்ல."

"லேத்துலயே இருக்கேன் சார்."

"லேத்துல உங்க மெஷினே இருக்காது, குமரவேல் காரு. வித்தாச்சு. வேணாம்னா இன்னிக்கே எழுதிக் கொடுத்துட்டுப் போகலாம். நான் தடுக்க மாட்டேன்."

வினய் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எதிர்த்துப் பேசவும் வழி இல்லாமல் போனது. ஐம்பத்து மூன்று வயதில் எந்த ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நிற்பது? குமரவேல் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட அன்றே, டெல்லியில் அவர் சொன்னதற்குக் கிடைத்த பரிசு இது என்ற பேச்சு லேத் பிரிவு முழுக்கப் பரவியது. வேலை போன எட்டுப் பேரில் டேனியலும் ஒருவன்.

அந்த வாரம் யூனியன் கூடியது. செகரட்டரியை நீக்கும் தீர்மானத்தை டேனியல்தான் கொண்டு வந்தான். கடைசியாக ஒரு தடவை கேட்டான்.

"எல்லார் முன்னாடியும் கேக்கிறேன். நாங்க எழுதிக் கொடுத்ததைச் சொன்னியா? ஹவ், இல்ல நை. ஒரு வார்த்தை."

"என்னால சொல்ல முடியாது, டேனி."

"முடியாதா, கூடாதா?"

"கூடாது."

"யாரு கூடாதுன்னாங்க? நம்ம எட்டுப் பேரு வேலையைக் காப்பாத்தினாங்களே, அவங்களா?"

கை தூக்கச் சொன்னார்கள். வழக்கம் போலப் பெயர்களை நோட்டில் எழுத வேண்டியது செகரட்டரி. அந்த நிமிடம் வரை அவர்தானே செகரட்டரி. அவரை நீக்கக் கை தூக்கியவர்களின் பெயர்களை அவரே ஒவ்வொன்றாக எழுதினார். பதினாறு பேர். வேண்டாம் என்று மூன்று பேர். அவரும் வயதான ஒரு வாட்ச்மேனும் கை தூக்கவில்லை. எழுதி முடித்து, கீழே கையெழுத்துப் போட்டு நோட்டை டேனியலிடம் கொடுத்தார். டேனியல் வாங்கிக்கொண்டான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அசெம்ப்ளியிலும் அவருக்கு இடமில்லை. பாடி ஒன்றில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அவர் ஒதுக்கி வைத்தார். பெட்டி பெட்டியாக ஒதுங்கும் நாளில் பெண்கள் வேலையின்றி உட்கார்ந்திருந்தார்கள். "உன் வீட்டுக்காரருக்கு இந்தச் சாமான் வர்றதே பிடிக்கல. டெல்லி வரைக்கும் போய் இதைத்தான் சொல்லிட்டு வந்திருப்பாரு" என்று அவர்கள் லலிதாவிடம் சொன்னார்கள். லலிதா அதை அவரிடம் கொண்டு வரவில்லை. பக்கத்து வரிசை ஸ்டெல்லா சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

ஏப்ரலில் தேர்தல் பிரசாரம். ஒரு வேட்பாளர் காலனிக்குள் நடந்தே வந்தார். வாசலில் கும்பிட்டு நின்றவரிடம் குமரவேல் தெலுங்கில் கேட்டார். நாலு மாதமாக உள்ளே கிடந்தது, கேள்வியாக வெளியே வந்தது.

"சார், வெளிநாட்டோட வியாபார ஒப்பந்தம் போடும்போது நீங்க அங்க எழுந்து நின்னு ஓட்டுப் போடுவீங்களா?"

வேட்பாளர் புரியாமல் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "அதெல்லாம் சபையில ஓட்டுக்கு வராது அண்ணா. இந்தத் தெருவுல ட்ரெய்னேஜ் பிரச்சினை இருக்குன்னாங்களே, அதைக் கண்டிப்பா முடிச்சுக் கொடுக்கிறேன்." கூட வந்தவர் குமரவேலின் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார். கூட்டம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது.

லலிதா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததும், "இதைத்தான் அங்கயும் கேட்டீங்களா?" என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றினார். கழற்றிய செருப்பை மறுபடி நேராக வைத்தார்.

"ரிப்போர்ட் வரட்டும்" என்றார்.

தேர்தல் முடிந்து பழைய அவை கலைந்தது. புதிய அவை கூடியது. ஆகஸ்ட் வரை காத்திருந்துவிட்டு, அழைப்புக் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தார். ஓர் அதிகாரி பொறுமையாகவே பேசினார். பழைய குழு கலைந்துவிட்டது, அறிக்கை எழுதி முடிக்கவில்லை, புதுக் குழு வேறு பொருள்களை எடுத்துக்கொண்டது என்றார்.

"அப்ப நான் அங்க பேசினதை இனிமேல் வெளியில சொல்லலாமா சார்?"

"அறிக்கை அவையில் வைக்கப்படும்வரை கூடாது."

"எப்ப வைப்பாங்க?"

"வைப்பதற்கு அறிக்கை இல்லையே."

"அப்ப நான் எப்பதான் சொல்றது?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "எழுத்து மூலம் கேளுங்கள்" என்றார் அதிகாரி. குமரவேல் எழுதினார். கடிதம் கிடைத்தது என்று ஒரு எண்ணோடு பதில் வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

டேனியல் ஜீடிமெட்லாவில் ஒரு கிடங்கில் காவல் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டார். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் அவனைப் பார்த்தார். இருவருக்கும் நடுவில் பத்தடி தூரம் இருக்கும். டேனியல் வந்த முதல் பஸ்ஸில் ஏறிக்கொண்டான். அது அவன் போக வேண்டிய பஸ் இல்லை என்று குமரவேலுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், லலிதா அரிசி களைந்துகொண்டிருந்தபோது, டெல்லிக்குப் போன் செய்ததைச் சொன்னார். அறிக்கை இல்லை, இனி வராது, அதனால் ஒருபோதும் சொல்ல முடியாது என்றார். அவள் களைந்த தண்ணீரைக் கொட்டினாள்.

"நீங்க பேச வேணாம். நான் ஒண்ணு கேக்கிறேன், தலையை மட்டும் ஆட்டுங்க. என் வேலை போனாப் போகட்டும்னு சொன்னீங்களா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். டெல்லியில் அந்த அறையில் பேசியதில் வெளியே வந்தது அது ஒன்றுதான். அதற்கே யாரோ பார்த்துவிட்டார்களா என்பது போல அவர் கண் ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது.

"சரி" என்றாள் லலிதா. குக்கரை அடுப்பில் ஏற்றினாள். டேனியல் கேட்டதற்கு இப்படி ஒரு தலையாட்டலில் அடங்கும் பதில் இல்லை என்பதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தார். அதைச் சொன்னால் மற்றதையும் சொன்னது போல ஆகும். வெங்காயத்தை எடுத்து உரிக்க உட்கார்ந்தார்.